மலையாளிகளும் ஒரு பழைய புத்தகமும்

எட்கார் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்களைப் பற்றி எழுதிய பெருநூல் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற சேர்வராயன், கொல்லி மலைகளின் மலையாளிகளுக்கும் அதில் இடம் உண்டு. கேரளத்தாரோடு இவர்களுக்குச் சம்பந்தமில்லை. மலையில் வாழ்கிறவர்கள் என்பதுதான் பொருள், பேசுவது தமிழ்.

சிரத்தையோடு எழுதிய நூல்தான். உடை, மணமுறை, சடங்கு எல்லாம் இருக்கின்றன. ஆனால் கதை எழுதுகிற எனக்கு அதில் ஒரு குறை படுகிறது. வர்ணனை மிகுதி, பேச்சு குறைவு. மலையாளியின் குரல் காதில் விழுவது அவர்கள் சொன்ன பூர்வகதையில்தான். அவர்களின் தெய்வம் காஞ்சியை விட்டுப் புறப்பட்டதாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூவர் பின்தொடர்ந்தார்களாம். சேலம் சீமையில் ஆளுக்கொரு வழியாகப் பிரிந்தார்களாம். மூத்தவர் சேர்வராயனில் தங்கினாராம்.

இது சரித்திரமா, கட்டுக்கதையா என்பதைப் பண்டிதர்கள் தீர்மானிக்கட்டும். "நாங்கள் காட்டில் முளைத்தவர்கள் அல்ல, ஊரை விட்டு வந்தவர்கள்" என்று அது சொல்கிறதே, அதுதான் எனக்கு முக்கியம். சாமையும் கேழ்வரகும் விதைக்கிற குடியானவரின் சுயமரியாதை அது.

சமவெளிக்காரர்களாகிய நாம் அதைக் காதில் வாங்கவில்லை. சங்கப் புலவர்கள் வல்வில் ஓரியின் கொடையைப் பாடினார்கள். நாம் தேனையும் பலாவையும் புகழ்கிறோம். மலை கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், பேசக் கூடாது! அமெரிக்காவின் வாம்பனோக் மக்களுக்கும் இதே கதிதான். வெள்ளைக் குடியேறிகளோடு 1621-ல் அவர்கள் உண்ட அறுவடை விருந்து உலகப் பிரசித்தம். 1675-ல் மூண்டு அவர்களைச் சிதறடித்த போரை எத்தனை பேர் அறிவார்கள்?

காது கொடுக்காததற்கு விலை உண்டு. 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்து மலையாளிகள் ஊரான வாச்சாத்தியில், சந்தனக்கட்டை தேடி வந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஊழியர்கள் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

தர்ஸ்டனையும் இந்த வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். அங்கே வர்ணிக்கப்பட்டவர்கள் இங்கே சாட்சி சொல்கிறார்கள். மலையாளிகளைப் பற்றி நாவல் எழுத நினைப்பவர் முதலில் படிக்கவேண்டியது பின்னதைத்தான்.