சூடினாளா, கட்டினாளா?

ஆங்கிலத்தில் ‘வேர்’ என்றொரு வினைச்சொல் உண்டு. நம் எழுத்தில் எழுதினால் மரத்தின் வேராகிவிடுகிறது. பொருளோ உடுத்தல், அணிதல் என்பது. சட்டைக்கும் செருப்புக்கும், தொப்பிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும், மோதிரத்துக்கும் மலருக்கும் அவ்வொரு சொல்லே போதும். ஜப்பானியத்தில் அது செல்லாது. சட்டைக்குக் ‘கிரு’, காற்சட்டைக்கும் செருப்புக்கும் ‘ஹக்கு’, தொப்பிக்குக் ‘கபுரு’, கண்ணாடிக்குக் ‘கக்கெரு’, மோதிரத்துக்கு ‘ஹமெரு’. உடம்பின் எவ்விடத்தில், எவ்வகையில் பொருள் பொருந்துகிறது என்பதை வினையே சொல்லிவிடும். அகராதியைத் திறந்து முதலில் கண்ட சொல்லை எடுத்துக்கொள்பவன், தொப்பியைச் சட்டைபோல் மாட்டிக்கொண்டவன் ஆகிறான்.

தமிழர்க்கு இது வியப்பன்று. ஆடையை உடுக்கிறோம், அணிகலனைப் பூணுகிறோம், மலரைச் சூடுகிறோம், இறைவனுக்கு மாலையைச் சாத்துகிறோம். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில், பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் பிறந்தவர்க்கு இவ்வேறுபாடு இருமடங்கு தெரியும். தெலுங்கில் சேலைக்குக் ‘கட்டுகொனு’, சட்டைக்குத் ‘தொடுக்கொனு’, பூவுக்கும் கண்ணாடிக்கும் ‘பெட்டுகொனு’. கூந்தலில் செருகுவதென்றே சொல்ல வேண்டுமாயின் ‘துருமுகொனு’.

அவ்வட்டாரத்துத் திருமலையையே எடுத்துக்கொள்வோம். புரட்டாசிப் பிரமோற்சவத்துக் கருடசேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் மாலை வருகிறது. அவள் சூடிக் களைந்ததைப் பெருமாளுக்குச் சாத்துகின்றனர். மாலை ஒன்று, வினை இரண்டு. அம்மலையிலோ அடியார் பூச்சூடுவதில்லை. மலரெல்லாம் பெருமாளுக்கே உரியவை என்பது மரபு. இம்மூன்று செய்திகளையும் ‘வேர்’ என்னும் ஒரே வினையால் எழுதிப் பாருங்கள். யார் கூந்தலில், யார் மார்பில், யார் கையால் என்பனவெல்லாம் மறைந்துபோகும்.

இனித் திருக்குறளுக்கு வருவோம். 1981இல் ஷூஸோ மத்சுனாகா, ஆங்கில மொழிபெயர்ப்பின் துணைகொண்டு குறளை ஜப்பானியத்தில் முதன்முதலாக வெளியிட்டார். 1999இல் தமிழாய்வாளர் தக்கனோபு தக்கஹாஷியின் மொழிபெயர்ப்பு தமிழிலிருந்தே நேராக வந்தது. முதற்பணியின் அருமையைக் குறைத்துப் பேசுவது என் கருத்தன்று. ஆங்கிலத்தின் வழியே செல்லும் பாதையைப் பற்றியதே என் ஐயம்.

‘நலம் புனைந்துரைத்தல்’ அதிகாரத்தில் ஒரு குறள். காம்பு களையாத அனிச்சப்பூவை ஒருத்தி வைத்துக்கொண்டாள். அச்சுமையை அவள் இடை தாங்காது. இனி அவ்விடைக்கு நல்ல பறை ஒலியாது என்கிறான் தலைவன். வள்ளுவர் இட்ட வினை ‘பெய்தாள்’ என்பது. இன்று பெரும்பாலும் மழைக்கே உரியதாகிவிட்ட அவ்வினை அன்று இடுதல், வைத்தல் எனவும் பொருள்பட்டது. பரிமேலழகர் ஐயத்துக்கு இடமின்றிச் சூடினாள் என்றே உரைத்தார். 1886இல் போப் ஐயர் ஆங்கிலத்தில் தந்தபோதோ, அப்பூ கூந்தலை விட்டிறங்கி இடையைச் சுற்றிய கச்சையாயிற்று. இடை ஒடிய வேண்டுமாயின் பூவும் இடையிலேயே இருக்க வேண்டுமென அவர் எண்ணினார் போலும்! தலையில் ஏறிய பூவுக்கு இடை தளர்வதிலன்றோ சுவை இருக்கிறது? இடையிலேயே கட்டிவிட்டால் அது வெறும் எடைக்கணக்கு.

போப் ஐயரை மட்டும் நம்பிச் செல்லும் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் எவராயினும், கச்சையை இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் ‘ஷிமெரு’வின் பக்கமே சாய்வார். அது அவர் குற்றமாகாது. தமிழ் மூலத்தையும் உரையையும் கண்டவர்க்கோ, செருகுதல் என்னும் பொருளுடைய ‘ஸஸு’ கிடைக்கும். அதனினும் பொருத்தமானது ‘கஸஸு’. மன்யோஷூ என்னும் 8ஆம் நூற்றாண்டுத் தொகைநூலில், மலரையும் தளிரையும் தலையில் சூடுதற்கு அச்சொல் வழங்குகிறது. கூந்தலைக் குறிக்கும் ‘கமி’யும் ‘ஸஸு’வும் சேர்ந்து பிறந்தது அது என்பர். இன்றைய ஜப்பானியர் பேச்சில் அப்பொருள் அருகிவிட்டது. நம் ‘பெய்’யின் கதையும் அதுவே. இப்பழந்தமிழ் வினைக்கு அப்பழைய ஜப்பானிய வினை எத்துணை அழகாக ஒத்துவருகிறது! இடையில் நிற்கும் ஆங்கிலம் இவ்விணையைக் காட்டித் தராது.

புலம்பெயர்ந்த வீடுகளில் நம் பிள்ளைகளும் ஆங்கிலத்தின் வழியாகவே தமிழுக்கு வருகின்றனர். சட்டை போடு, செருப்புப் போடு, கண்ணாடி போடு என்பன பேச்சுத்தமிழ் ஏற்றுக்கொண்டவை, அவற்றில் குறையில்லை. ஆனால் ‘பூப் போட்டுக்கொள்கிறேன்’ என்று ஒரு சிறுமி சொல்வாளாயின், சூடுதலும் வைத்தலும் அவ்வீட்டை விட்டு வெளியேறிவிட்டன என்று பொருள். ஆகவே, பாடநூல்களில் வினையைத் தனியே அச்சிட்டு எதிரே ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதும் முறையை என்னால் ஏற்க இயலவில்லை. பூச்சூடு, ஆடை உடு, கச்சை கட்டு எனப் பெயரும் வினையும் சேர்ந்தே குழந்தையின் காதில் விழ வேண்டும். அனிச்சக் குறளை நடத்தும் நாளில் ‘பெய்தாள்’ என்பதற்கு எதிரே ஒன்றும் எழுதாமல், காம்போடு கூடிய பூவொன்றைக் கொண்டுசென்று பின்னலில் செருகிக் காட்டலாம்.