காலில் கட்டிய தட்டு: ஒரு கருவி விமர்சனம்

புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம், ஓட்டல் பரோட்டாவுக்குக்கூட எழுதுகிறோம். ஒருவர் தன் வேலைக்காகத் தானே செய்துகொண்ட கருவிக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஒன்று, அதைப் புகழ்ந்துவிட்டுப் போகிறோம். இல்லையென்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோம். இந்தக் குறிப்பு, திரேஸ்புரம் முதலான மன்னார் வளைகுடாக் கரைகளில் சங்கு குளிப்பவர்கள் காலில் கட்டிக்கொண்டு இறங்கும் அலுமினியத் தட்டைப் பற்றியது. முகத்தில் கண்ணாடி, காலில் தட்டு, இடுப்பில் பை. ரொம்ப காலம் அவர்களுடைய முழுத் தளவாடமே இவ்வளவுதான்.

முதலில், இந்தத் தட்டு ஏன் தேவைப்பட்டது? முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. முத்துச்சிப்பி, பார் என்று சொல்லும் கடலடிப் பாறைத்திட்டில் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடக்கும். அந்தக் காலத்து முத்துக்குளியாள் கல்லில் காலை வைத்துக் கயிற்றோடு இறங்குவார். கைக்கு எட்டியதை அள்ளிப் பையில் போடுவார். மேலே இருக்கிறவர் இழுத்துக்கொள்வார். போக்குவரத்து பெரும்பாலும் மேலும் கீழும்தான். தூத்துக்குடியில் அப்படிப்பட்ட அரசு முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது.

சங்கு வேறு மாதிரி. அது மணலில் பாதி புதைந்து, புழுக்களைத் தின்றுகொண்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். தேடிப் போகணும். அடக்கிய மூச்சு தீர்வதற்குள் எவ்வளவு தூரம் நீந்த முடிகிறதோ அவ்வளவுதான் அன்றைய வருமானம். கை சங்கை எடுக்க வேண்டும், பையைப் பிடிக்க வேண்டும். ஆக, நகர்கிற வேலை முழுக்கக் காலுக்கு வந்துவிடுகிறது. தட்டு பிறந்த இடம் இதுதான்.

தட்டு எப்படி வேலை செய்கிறது? வெறுங்காலால் தண்ணீரை உதைத்தால் பாதம் வழுக்கிக்கொண்டு போகும், உடம்பு அவ்வளவாக நகராது. பாதத்தைவிட அகலமாக, விரல்களுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு தகடு இருந்தால் அதிகத் தண்ணீர் பின்னால் தள்ளப்படும், உடம்பு முன்னால் போகும். பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது இதே முயற்சியைச் செய்திருக்கிறார். ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் பலகை மாதிரி இரண்டு பலகைகளைக் கைக்குச் செய்துகொண்டார். வேகம் கூடியது, மணிக்கட்டு வலித்தது. பாதத்துக்கும் ஒருவகைச் செருப்பு மாட்டிப் பார்த்தார், திருப்தி இல்லை. நீந்தும்போது உந்துவது உள்ளங்கால் மட்டுமல்ல, பாதத்தின் உள்பக்கமும் கணுக்காலும் சேர்ந்துதான் என்று காரணத்தையும் பிற்பாடு ஒரு கடிதத்தில் எழுதி வைத்தார். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான். செய்தது தோற்றது, ஏன் தோற்றது என்பது பதிவானது. காலில் மாட்டும் துடுப்புக்கு பிரான்சில் லூயி த கோர்லியூ காப்புரிமை எடுத்தது 1933இல்.

பனி நாடுகளிலும் இதற்கு ஓர் உறவுக்காரன் உண்டு. பனிச்சறுக்குப் பலகை முன்னால் வழுக்க வேண்டும், மேடு ஏறும்போது பின்னால் வழுக்கக் கூடாது. ஒரே பலகை, இரண்டு எதிரெதிரான வேலை. அதற்காக முதலில் கடல்நாய்த் தோலை அடியில் கட்டினார்கள். ரோமம் பின்னோக்கிப் படிந்திருப்பதால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிடிக்கும். பிறகு பலகையின் அடியிலேயே மீன் செதில் போன்ற வரிகள் வந்தன. கடையில் வாங்கிய பலகையில் அந்த வரிகளைத் தாங்களே வெட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வரியின் ஆழம், இடைவெளி, எந்தப் பனியில் பிடித்தது, எதில் காலை வாரியது என்று ஒன்றுவிடாமல் பேசிக்கொள்கிறார்கள். வீட்டில் செய்ததுதானே என்று யாரும் தள்ளுபடி கொடுப்பதில்லை.

அதே கண்ணோடு நம் தட்டைப் பாக்கணும். அதன் பெரிய குறை, அது வளையாது. ரப்பர் துடுப்பு உதைக்கும்போது வளைந்து தண்ணீரைப் பின்னால் தள்ளும், காலைத் திரும்ப இழுக்கும்போது மறுபக்கம் வளைந்து கொடுக்கும். அலுமினியத் தகடு இரண்டு பக்கமும் ஒரே விறைப்பு. ரப்பர் செய்யும் வேலையை இங்கே முட்டியும் கணுக்காலும் செய்ய வேண்டும். விரலுக்கு முன்னால் நீளும் ஒவ்வொரு அங்குலமும் கணுக்காலில் பாரமாக ஏறும். அதனால் தட்டு குட்டையாக இருப்பது சிக்கனத்தால் மட்டுமல்ல, உடம்பு போட்ட வரம்பும்கூட. விளிம்பை மழுக்காவிட்டால் தோலைக் கிழிக்கும். ஈரப் பலகையில் அதோடு நடந்தால் வழுக்கும்.

நிறைகளும் இருக்கின்றன. குட்டையான தட்டு, மணலை ஒட்டி நீந்தும்போது அவ்வளவாகக் கலக்காது. மணல் கலங்கினால் சங்கு தெரியாது. கோணினால் தட்டி நிமிர்த்தலாம், வார் அறுந்தால் வேறு கட்டலாம். பழுது பார்க்கக் கடைக்குப் போக வேண்டாம்.

இந்த இரண்டு பத்தி அளவுக்குக்கூட நான் படித்த மீன்வள அறிக்கைகளில் இந்தத் தட்டுக்கு இடமில்லை. ‘காலில் அலுமினியத் தகடு அணிகிறார்கள்’ என்று ஒரு வரி வரும், அடுத்த வரியில் சங்கின் எடைக்குப் போய்விடுவார்கள். சங்குக்கு அரசாங்கத்தில் அளவு வளையமே இருந்தது. வளையத்துக்குள் புகுந்து விழும் சிறுசங்கைத் திரும்பக் கடலில் போட வேண்டும். சங்குக்கு வளையம் வைத்து அளந்தவர்கள், அதை எடுத்த காலில் இருந்த தகட்டுக்கு ஒரு ஸ்கேலைக்கூட வைக்கவில்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமலும் இல்லை. சென்னை மாகாண மீன்வளத் துறையிலிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றி எழுதிய நூலில் வங்காளத்தில் சங்கறுத்து வளையல் செய்கிற தொழிலை விரிவாக விவரித்திருக்கிறார். 1920இல் இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றித் தனியாகவே எழுதினார். கருவியைக் கருவியாகப் பார்க்கும் வழக்கம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

மறுபக்கம், பத்திரிகைக் கட்டுரைகள். அவை தட்டைப் பார்த்தவுடன் உருகிவிடும். ‘நம்மாளு கெட்டிக்காரன்ல, இல்லாததை வச்சு எப்படிச் செஞ்சிருக்கான் பாருங்க’ என்ற தொனி. அறிக்கைக்காரருக்கு இது பழமையான சாமான், கட்டுரைக்காரருக்கு அதிசயம். எடுத்துப் புரட்டி, எங்கே பிடிக்கிறது, எங்கே அறுக்கிறது என்று பார்த்தவர் இருவரிலும் இல்லை.

பார்க்காவிட்டால் என்ன கெட்டுப்போகும்? தட்டோடு நின்றிருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் வள்ளத்தில் கம்ப்ரசர் ஏறிவிட்டது. பஞ்சர் கடையில் இருப்பது போன்ற காற்று இயந்திரம், நீளமான குழாய், வாயில் கடித்துக்கொள்ள ஒரு முனை. இதுவும் கையால் சேர்த்துக் கட்டியதுதான், இதையும் அதே ‘கெட்டிக்காரன்’ பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. தட்டு பழுதானால் காலில் புண் வரும். இயந்திரத்தின் புகை காற்று உள்ளே போகும் வாய்க்குப் பக்கத்தில் வந்தால், குளியாள் கார்பன் மோனாக்சைடைச் சுவாசிப்பார். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அதற்கும் கீழே ரொம்ப நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூட்டிலும் முதுகுத் தண்டிலும் தங்கும். மூச்சை அடக்கிக் குளித்தவரை எப்போது மேலே வர வேண்டும் என்று அவர் நுரையீரலே விரட்டியது. குழாய் அந்த விரட்டலை எடுத்துவிட்டது, அதன் இடத்தில் ஒரு கடிகாரத்தையோ அட்டவணையையோ கொடுக்கவில்லை.

எல்லா நாட்டுக் கருவியையும் ஒரே மாதிரி மெச்சுகிற எழுத்தால் இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரு வரியில் கடந்துபோகிற எழுத்தாலும் முடியாது. குறை சொல்லும் அளவுக்கு அக்கறை இருந்தால்தான் இது காலைப் புண்ணாக்கும், அது ஆளைக் கொல்லும் என்று பிரித்துச் சொல்ல முடியும்.

செய்ய வேண்டிய வேலை சின்னதுதான். ஒரு ஜோடி தட்டை வாங்கி, நீளம், அகலம், தகட்டின் கனம், வார் கட்டிய துளைகளின் இடம் எல்லாவற்றையும் அளந்து வரைய வேண்டும். செய்தவரிடமே ‘அண்ணாச்சி, இதுக்கு முன்னால செஞ்சதுல எது சரிப்படல?’ என்று கேட்டு எழுத வேண்டும். அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் கம்ப்ரசரை வரைய வேண்டும். காற்று போகும் வாய் எங்கே, புகை வரும் குழாய் எங்கே, இரண்டுக்கும் நடுவில் எத்தனை அடி என்று.