ஆம்புலன்ஸ் வண்டியில் நகைச்சுவை

உயிருக்கு மன்றாடுவோனை ஏற்றிச் செல்லும் வண்டியில் நகைப்புக்கு இடமுண்டோ? 'சைரன்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரைக் காண்போர் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. பிரிட்டனின் சேனல் 4 நிலையம் 2011ஆம் ஆண்டில் இதனை ஆறு பகுதிகளாக வழங்கியது. கதை நிகழுமிடம் லீட்ஸ் நகரம். பின்னர் டெனிஸ் லியரி, பாப் பிஷர் ஆகிய இருவரும் அதே கருவைச் சிக்காகோ நகருக்குக் கொண்டுசென்று, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கத் தொடராக்கினர்.

பிரிட்டிஷ் தொடருக்கு மூலம் தொழிலாளி ஒருவரின் எழுத்தே. கிழக்கு லண்டனில் ஆம்புலன்ஸ் ஊழியராயிருந்த பிரையன் கெல்லட், டாம் ரெனால்ட்ஸ் என்ற புனைபெயரில் இணையத்தில் எழுதியவை 2006இல் 'பிளட், ஸ்வெட் அண்ட் டீ' எனும் நூலாயின. குருதி, வியர்வை, தேநீர்! தலைப்பில் தேநீரையும் சேர்த்தாரே, அங்கேதான் அவர் மனப்பாங்கு விளங்குகிறது. பெருவிபத்துகள் அவர் நூலில் சிலவே. குடிவெறியரும், அற்ப நோவுக்கு வண்டியை அழைப்போருமே மிகுதி.

தொல்காப்பியர் நகை பிறக்கும் களங்களுள் எள்ளலையும் பேதைமையையும் வைத்தார். பிறரை எள்ளியும் சிரிக்கலாம்; பேதைமை கண்டும் சிரிக்கலாம். லீட்ஸ் தொடரின் முதற்பகுதியைப் பாருங்கள். கொடிய விபத்தொன்றைக் கண்டு மீண்ட ஊழியருக்கு, உள்ளம் முதலில் பொங்கும், பின் காமம் மிகும், அதன்பின் சோர்ந்து விழும் என்று முன்னரே சொல்லப்படுகிறது. ஸ்டூவர்ட் என்பானோ, தான் உடலின் விதிக்கு அடிமையல்லன் என வீம்பு பேசுகிறான். நமக்குச் சிரிப்பு மூட்டுவது அடிபட்டவனின் துயரமன்று. தன்னைத் தானே வென்றுவிட்டதாக எண்ணும் ஊழியனின் பேதைமையே. நோயாளியின் மானம் இங்கே காக்கப்படுகிறது.

சிக்காகோத் தொடரில் ஜானி, ஹாங்க் எனும் இருவரின் நட்பு இனிது. புதிதாய் வந்து சேரும் பிரையன் வாயிலாக நாமும் அத்தொழிலைக் கற்கிறோம். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த புது ஆசிரியர்களை முதல் மாதத்தில் கண்டவர்க்கு, அவனுடைய ஆர்வமும் தடுமாற்றமும் நன்கு புரியும். ஆனால் நோயாளிகளோ பெரும்பாலும் விந்தை மனிதராய் வருகின்றனர். சிரிக்க வைத்துவிட்டு மறைகின்றனர். அவர்க்கு வீடுண்டு, வாசலில் அழுதுநிற்போர் உண்டு என்ற நினைவே எழுவதில்லை.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எவனேனும் வழுக்கி விழுந்தால் முதலிற் சிரிப்பர். சிரித்தபடியே ஓடித் தூக்கியும் விடுவர். அவர்களை நான் கண்டிப்பதில்லை. நின்ற இடத்திலிருந்தே சிரிப்பவனைத்தான் அழைத்து விசாரிப்பேன். அமெரிக்கத் தொடர் சில வேளை அவ்வாறு நின்றுவிடுகிறது.

இரண்டிலும் கொச்சைப் பேச்சு மிகுதி, மாணவர்க்கு ஏற்றவையல்ல. முதிர்ந்தோர் காணலாம். சிக்காகோத் தொடர் 23 பகுதிகள் ஓடிற்று. நான் மறுமுறை காண விழைவது ஆறோடு நின்றுபோன லீட்ஸ் தொடரையே.