தொடாதே என்னும் சொல்

"தோமாவைத் தொட்டுப் பாக்கச் சொன்ன இயேசு, மரியாளை மட்டும் ஏன் மேடம் தொடாதேன்னார்? பொம்பளைங்க தீட்டுன்னா?"

வகுப்பு முடிந்ததும் கேட்டவள், டேன்டீ தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவரின் மகள். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கூடலூருக்கு வந்த குடும்பம். தொடாதே என்ற சொல் எங்கெல்லாம் வலிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு காட்சிகளும் யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வருகின்றன. உயிர்த்தவரை முதலில் காண்பவள் மகதலேனா மரியாள். எட்டு நாள் கழித்துத் தோமாவுக்குக் காயங்களைத் தொட அழைப்பு வருகிறது. மரியாளிடம் சொன்னதைப் பழைய தமிழ் வேதாகமம் 'தொடாதே' என்று பெயர்க்கிறது. அங்குள்ள கிரேக்க வினைக்குப் பற்றிக்கொள்ளுதல் என்றும் பொருள் உண்டு. பற்றிய கையை விடு என்றும் அதை வாசிக்கலாம். 1995இல் வந்த திருவிவிலியம் பற்றுதல் என்ற பொருளையே எடுத்துக்கொள்கிறது. மரியாளையும் 'அவர்' என்கிறது. அடுத்து இயேசு சொல்வது, சகோதரர்களிடம் போய்ச் சொல் என்பது. ஆக, இது தள்ளி வைத்தல் அல்ல, அனுப்பி வைத்தல்.

தீட்டு என்ற வாசிப்புக்கு இறையியலும் இடம் தருவதில்லை. கூடலூரில் கிறிஸ்துவின் இயல்பு பற்றி இரண்டு மரபுகள் அருகருகே வாழ்கின்றன. கி.பி. 451இல் கூடிய கால்சிதோன் சங்கத்தைப் பின்பற்றும் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையாரும் ஒரே ஆளில் இறையியல்பு, மனித இயல்பு என இரண்டு என்கிறார்கள். கேரளத்திலிருந்து வந்து குடியேறிய சிரியன் ஆர்த்தடாக்ஸ் மரபினர் அந்தச் சங்கத்தை ஏற்பதில்லை; இறைமையும் மனிதமும் ஒன்றிய ஓரியல்பு என்கிறார்கள். உயிர்த்தபின் மனித உடலை அவர் கழற்றிப் போட்டுவிடவில்லை என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டையில்லை. லூக்காவின் கதையில் அவர் மீன் தின்கிறார். காயத் தழும்பும் போகவில்லை.

பெண்கள் ஆண்களாகவே உயிர்ப்பார்கள் என்று சொன்னவர்களை அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' நூலின் 22ஆம் பகுதியில் மறுக்கிறார். பெண்ணுடல் குறையல்ல, இயல்பு என்பது அவர் வாதம். பெண்ணைப் பற்றி அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. இந்த ஒன்றை விடமாட்டேன்.

ஆனால் உயிர்ப்பில் குறையற்ற உடல், பலிபீடத்தின் முன்னால் எப்படிக் குறையுள்ளதாகிறது? சி.எஸ்.ஐ. பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிறது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகள் தருவதில்லை. கல்லறையிலிருந்து வந்த பெண்களின் சொல்லைச் சீடர்கள் வீண்பேச்சு என்று தள்ளியதை லூக்கா மறைக்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய பவுலின் சாட்சிப் பட்டியலிலோ மரியாள் பெயரே இல்லை. தடை இயேசுவின் வாயிலிருந்து வந்ததைவிட, கேட்டவர்களின் காதிலிருந்து வந்ததே அதிகம்.

மாணவியிடம் இதைத்தான் சொன்னேன். சற்று யோசித்தாள். "அப்போ, அம்மா விரல்ல இருக்குற கொழுந்துக் கறையும் எழும்புமா மேடம்?"

தழும்போடு எழுந்தவரை நம்புகிறவர்கள், அந்தக் கறை எழாது என்று எப்படிச் சொல்வார்கள்?