ஆடி மாதத்துச் சிரட்டை

தேனீ வளர்க்கிறேன் என்று சொன்னால் போதும், "வருசத்துக்கு எத்தன கிலோ கிடைக்கும்?" என்று கேட்டுவிடுவார்கள். ஆடி மாதத்தில் பெட்டி எப்படி இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பதெல்லாம் அந்த ஆடியைப் பற்றித்தான்.

குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு துண்டு ரப்பர் விளை உண்டு. எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் பல நாள் பால்வெட்டு கிடையாது. மரமெல்லாம் நனைந்து கறுத்து நிற்கும். மனிதருக்கே வரும்படி இல்லாத அந்த நாட்களில்தான் என் பதினொரு பெட்டிகளும் பட்டினியைத் தொடும். பூ இருந்தாலும் மழை அதைக் கழுவிவிடுகிறது. மழை விட்ட நேரத்தில் பறந்து போகிற தேனீ வெறுங்கையோடுதான் திரும்புகிறது.

சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சீனிப்பாகோடு இறங்குவேன். சீனி எவ்வளவோ தண்ணீரும் அவ்வளவு. காய்ச்சி ஆறவைத்த பாகை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, தேனீ விழுந்து முங்கிவிடாமல் நாலைந்து ஈர்க்கில் துண்டுகளைக் குறுக்கே போட்டு, பெட்டியின் மேலறையில், அடை கட்டியிருக்கும் சட்டங்களின் தலைமேல் மெல்ல வைக்க வேண்டும். மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து "உஸ்ஸ்..." என்று ஒரு சீறல் வரும். ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒரே நேரத்தில் சிறகை அசைத்து எழுப்புகிற சத்தம் அது. நம் நாட்டு அடுக்குத் தேனீயின் குரலே அதுதான். முதல் தடவை கேட்டபோது பாம்பு என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன். இப்போது அந்தச் சீறல் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதை வைத்தே உள்ளே கூட்டம் எத்தனை என்று மதிப்பிட முடிகிறது. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்!

சிரட்டையை வைத்துவிட்டு உடனே மூடத் தோன்றாது. முதலில் ஒரே ஒரு தேனீ விளிம்பில் ஏறி வரும். நாக்கை நீட்டித் தொட்டுப் பார்க்கும். சட்டென்று திரும்பி அடைகளுக்கு நடுவே இறங்கிவிடும். சில நொடிகளில் மூன்று வரும், பிறகு பத்து. கொஞ்ச நேரத்தில் சிரட்டையின் விளிம்பு முழுக்க, பந்தியில் இலை போட்டு உட்கார்ந்ததுபோல, தலையைக் குனிந்து வரிசையாக நின்று குடிக்கும். அடிவயிறு மூச்சு வாங்குவதுபோல நீண்டு சுருங்கும். இந்தக் காட்சியைக் குடை பிடித்து நின்று எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு தடவைகூட அலுத்ததில்லை.

முதல் வருடம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. எட்டுப் பெட்டி வைத்திருந்தேன். பங்குனி வரைக்கும் தேன் எடுத்தேன், கடைசிச் சட்டம் வரை எடுத்தேன். ஆனியில் மழை வந்தது, நான் பெட்டிகளை எட்டிப் பார்க்கவில்லை. மழையில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நல்லெண்ணத்தில்தான் விட்டேன். ஆடி நடுவில் திறந்தபோது ஐந்து பெட்டியில் சத்தமே இல்லை. பசி தாங்காமல் குடும்பம் குடும்பமாக ஓடிப்போயிருந்தன. விட்டுப்போன அடைகளில் மெழுகுப் புழு நூல் பின்னி, சிலந்திவலை மாதிரி வெள்ளையாகப் படர்ந்து கிடந்தது. கையில் எடுத்த அடை தூளாக உதிர்ந்தது. அன்றைக்கு நான் விளையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஊரில் நாற்பது வருடமாகப் பெட்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. பெரியப்பா முறை. அவர் வந்து காலிப் பெட்டிகளைப் பார்த்தார், திட்டவில்லை. மிச்சமிருந்த மூன்றில் ஒன்றை அடிப்பலகையோடு ஒரு பக்கமாக லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமே இல்லியே மக்ளே. அதுவ சாப்பிட்டு எத்தன நாளாச்சோ" என்றார். பிறகு அங்கேயே, அன்றே, பாடம் தொடங்கிவிட்டது.

ஏழு சட்டம் இருக்கிற கீழறையில் தேனீக் கூட்டம் நாலு சட்டத்தைத்தான் போர்த்தியிருந்தது என்றால் மற்ற மூன்றையும் எடுத்துவிட வேண்டும். தேனீ உட்காராத அடைதான் மெழுகு அந்துப்பூச்சிக்குத் தொட்டில். நம் தேனீக்குப் பழைய அடையைக் கடித்துக் கீழே உதிர்க்கிற பழக்கம் உண்டு. அந்தத் தூள் அடிப்பலகையில் சேர்ந்தால் அங்கேயும் புழு பிடிக்கும். அதனால் வாரம் ஒருமுறை அடிப்பலகையைத் துடைக்க வேண்டும். வாசலை இரண்டு மூன்று தேனீ நுழையும் அளவுக்குக் குறுக்க வேண்டும். பாகு ஒரு சொட்டுகூட வெளியே சிந்தக்கூடாது. வாசனை பிடித்து வலுத்த பெட்டிக்காரர்கள் இளைத்த பெட்டியைக் கொள்ளையடிக்க வந்துவிடுவார்கள். பாகு வைத்தால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில், பொழுது சாயும்போது வைக்க வேண்டும். பெட்டி நிற்கிற தாங்கியின் காலைச் சுற்றி எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணம். அதுவும் மழைக்காலத்தில் இலை விழுந்து பாலம் கட்டிவிடும், தினமும் பார்க்க வேண்டும்.

அவர் கற்றுக்கொடுத்ததில் என்னை வாய்பிளக்க வைத்தது செய்தித்தாள் வித்தை. இளைத்துப்போன இரண்டு குடும்பத்தை ஒன்றாக்கினால் ஆடியைத் தாண்டிவிடும். ஆனால் வேறு வேறு வாசனையுள்ள இரண்டு கூட்டத்தை அப்படியே கலந்தால் கொன்று போட்டுவிடும். அதற்கு முதலில் நோஞ்சான் ராணியை நீக்கிவிட வேண்டும். பிறகு ஒரு பெட்டியின் மேல் ஒற்றைச் செய்தித்தாளை விரித்து, ஊசியால் நாலைந்து ஓட்டை போட்டு, அதன்மேல் அடுத்த பெட்டியை அடியில்லாமல் அமர்த்த வேண்டும். இரவெல்லாம் இரண்டு பக்கத்திலிருந்தும் தாளைக் கடிக்கும். தாள் முழுதாகக் கிழிவதற்குள் வாசனை கலந்து ஒரே வீடாகிவிடும். நான் அப்படி வைத்த மறுநாள் காலை வாசலில் குட்டிக் குட்டியாகக் காகிதத் தூள் தள்ளிப் போட்டிருந்தது. அதில் ஒரு துணுக்கில் பாதி எழுத்துக்கூடத் தெரிந்தது. அதைப் பொறுக்கி வைத்திருக்கிறேன்!

எங்கள் பக்கத்தில் இந்தத் தொழில் இன்று நேற்று வந்ததல்ல. 1910களில் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் சிறிய உடம்புக்கு ஏற்றபடி ஒரு பெட்டியை வடிவமைத்தார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமப் புனரமைப்பு மையம் தேனீ வளர்ப்பையும் சேர்த்து ஊர் ஊராகப் பரப்பியது. இன்று மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இதெல்லாம் பெருமைதான். ஆனால் பெரியப்பா பேச்சு 1991-92க்குப் போகும்போது குரல் தணிந்துவிடும். தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவிய வருடங்கள் அவை. புழுக்கள் அறைக்குள்ளேயே தண்ணீர்ப் பை போலாகி, தலையை நிமிர்த்தியபடி செத்துக் கிடக்கும். பெரும்பாலான குடும்பங்கள் அழிந்துபோயின. பெரியப்பாவிடம் அப்போது மிஞ்சியது காலிப் பெட்டிகள்தான். அவற்றை விறகாக்காமல் பரணில் ஏற்றி வைத்தார். நோய்க்குத் தாக்குப்பிடித்த கூட்டங்கள் மரப்பொந்துகளிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பி வந்தபோது, அதே பெட்டிகளை இறக்கிக் கழுவி வெயிலில் காயவைத்து வைத்தாராம். அவரை நான் கும்பிடுவது சும்மா இல்லை.

சரி, தேனைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. அதுவும் ஓர் அதிசயம்தான். மார்கழியில் ரப்பர் மரம் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாகும். தையில் செம்புநிறத் தளிர் வரும். தளிர் விரிந்து இளம்பச்சையாகும் சமயத்தில், மூன்று இலைகளும் காம்போடு சேருகிற இடத்தில் பொட்டுப் பொட்டாக மதுரம் சுரக்கும். ஆமாம், பூவில் இல்லை, இலைக்காம்பில்! காலை வெயிலில் ஒரு காம்பைப் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிச் சொட்டு மின்னும். நாக்கில் வைத்துப் பாருங்கள், இனிக்கும். எங்கள் மாவட்டத்து ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் பெட்டிகளை ஏற்றிக் கேரள ரப்பர் தோட்டங்களுக்குப் போவது இந்தச் சொட்டுக்காகத்தான். நான் எங்கேயும் கொண்டுபோவதில்லை. எனக்கு இந்த விளையே போதும்.

மாசியில் தேங்காய்க் கதம்பைப் புகையை லேசாகக் காட்டி மேலறைச் சட்டத்தைத் தூக்கினால், சின்னச் சட்டம்தான், ஆனால் மணிக்கட்டு இறங்கும். முக்கால்வாசி அறைக்கு மெழுகு மூடி போட்டிருந்தால் மட்டுமே எடுப்பேன். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், புளித்துப் பொங்கும். கத்தியால் மூடியைச் சீவி, டிரம்மில் வைத்துச் சுற்றினால் தகரச் சுவரில் மழை பெய்கிற மாதிரி சத்தம். அடை உடையாமல் வெளியே வரும். திரும்ப வைத்தால் அன்று சாயங்காலமே அதில் வேலை தொடங்கிவிடும். நல்ல வருடத்தில் வலுத்த பெட்டி ஒன்று 10 கிலோவைத் தாண்டிக் கொடுத்திருக்கிறது. மோசமான வருடமும் உண்டு. தளிர் விடும்போது பனியும் மேகமூட்டமும் சேர்ந்தால் இலையில் சாம்பல் நோய் விழுந்து தளிரே உதிர்ந்துவிடும். மாசி நடுவில் இரண்டு நாள் மழை பெய்தாலும் போயிற்று. அப்போது தேனைத் தொடாமல் விட்டுவிடுவேன். நல்ல வருடத்திலும் பங்குனிக் கடைசியில் பெரியப்பா பேச்சு காதில் கேட்கும்: "கடசி அடைய எடுக்கப்பிடாது மக்ளே. அது அதுவளுக்க ஆடிக்கு."

ஐப்பசி, கார்த்திகையில் குடும்பம் பெருகிப் பெட்டி பிதுங்கும். அப்போது பிரித்து வைப்பதும் தனி ஆனந்தம். ஆண் தேனீ அறைகளின் மூடி கூம்பாகி, நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை தெரியும். அது கண்ணில் பட்டால் ராணி அறை கட்டப்போகிறது, கூட்டம் பிரியத் தயாராகிறது என்று அர்த்தம். அதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாக எழுத வேண்டும்.

ஆனால் வருடத்தில் எந்த நாள் உனக்கு உசத்தி என்று கேட்டால், நான் மாசியைச் சொல்ல மாட்டேன். போன புரட்டாசியில் ஒரு காலை. மூன்று நாளாக மழை இல்லை. ஆடி முழுக்க நான் பயந்துகொண்டிருந்த நாலாம் பெட்டி, செய்தித்தாள் வைத்து ஒன்றாக்கிய பெட்டி. அதன் முன்னால் குந்தியிருந்த மகள் கத்தினாள்: "அப்பா, காலுல மஞ்சளா என்னமோ கெட்டிக்கிட்டு வருது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். தென்னம்பாளையின் வெளிர்மஞ்சள் மகரந்தம். பின்னங்கால் இரண்டிலும் உருட்டி வைத்துக்கொண்டு ஒன்று இறங்கியது, பின்னாலேயே இன்னொன்று, அடுத்து நாலைந்து சேர்ந்தாற்போல. குஞ்சுக்குச் சோறு வருகிறது! அப்படியானால் உள்ளே ராணி மறுபடி முட்டை வைக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

சீறலைக் கேட்டபடி மூடியைத் திறந்து நடுச்சட்டத்தைத் தூக்கி வெயிலுக்குச் சாய்த்தேன். மகள் என் தோளில் தாடையை வைத்து எட்டிப் பார்த்தாள். அறைக்கு ஒன்றாக, ஊசி நட்டதுபோல, வெள்ளை வெள்ளையாக முட்டைகள். அவள் ஒரு வரிசையை எண்ணத் தொடங்கினாள். பதினேழு வரை போய் விட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.