பணம் கொடுத்தது யார்?

2004 தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் பலவற்றில் ஒரு செய்தித் தொகுப்பு ஓடியது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் புதிதாகச் சேர்ந்த மருந்துச் சலுகை பற்றியது. பார்க்க அசல் செய்தி போலவே இருந்தது. முடிவில் ஒரு பெண்குரல், வாஷிங்டனிலிருந்து கேரன் ரையன் என்று சொல்லி விடைபெற்றது. அவர் எந்தத் தொலைக்காட்சியின் நிருபரும் அல்ல, மக்கள் தொடர்புத் தொழிலில் இருந்தவர். படத்துக்குச் செலவு செய்தது மத்திய சுகாதாரத் துறை. குறைந்தது 40 நிலையங்கள் அதை முழுதாகவோ பகுதியாகவோ ஒளிபரப்பின. மே மாதம் அரசுத் தணிக்கை அலுவலகம் இதை சட்டவிரோதமான மறைமுகப் பிரச்சாரம் என்று சொன்னது.

இதை ஒரு நேயர் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? முடியாது என்பதுதான் என் பதில். ஊடக அறிவு என்ற பெயரில் பள்ளிகளில் சொல்லித்தரப்படுவதன் பெரிய ஓட்டையும் இதுதான்.

அந்தப் பாடத்துக்கு வயது அதிகம். 1937இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரச்சார ஆய்வு நிறுவனம், வசைப்பெயர் சூட்டுவது, எல்லோரும் நம் பக்கம் என்று காட்டுவது என ஏழு உத்திகளைப் பட்டியலிட்டு ஆசிரியர்களுக்கு அனுப்பியது. பணம் கொடுத்தவர் பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன். போர் வந்தது, தன் நாட்டின் பிரச்சாரத்தையும் அதே கண்ணால் பார்ப்பது சங்கடமானது, 1942இல் கடையை மூடினார்கள். ஏழு உத்திகள் மட்டும் பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டன.

வேறு வழியில் போனவர் ஜான் ஸ்டாபர். 1993இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் ஊடகத்துக்கும் ஜனநாயகத்துக்குமான மையத்தைத் தொடங்கி, ‘பி.ஆர். வாட்ச்’ என்ற காலாண்டிதழை நடத்தினார். உத்தி என்ன என்று அவர் கேட்கவில்லை, பணம் யாருடையது என்று கேட்டார். ஷெல்டன் ராம்ப்டனுடன் சேர்ந்து 1995இல் அவர் எழுதிய முதல் நூலின் தலைப்பு, நச்சுச் சகதி உடம்புக்கு நல்லது என்ற பொருள்பட வைத்த கிண்டல். நூல் வெளிவரும் முன்பே கழிவுநீர்த் துறைச் சங்கம் ஒன்றிலிருந்து தொலைபேசி வந்தது: சாக்கடைச் சகதியை எருவாக வயல்களில் போடச் சொல்லிப் பிரச்சாரம் நடக்கிறது, உங்கள் தலைப்பு அதைக் கெடுத்துவிடும். அப்படி ஒரு பிரச்சாரம் இருப்பதே எழுதியவர்களுக்கு அப்போதுதான் தெரியும். தோண்டினார்கள், நூலில் ஓர் அத்தியாயம் கூடியது.

மையத்தின் மிகச் சிறந்த வேலை 2006 ஏப்ரலில் வந்தது. டயான் ஃபார்செட்டாவும் டேனியல் பிரைஸும் எழுதிய அறிக்கை அது. நிறுவனங்கள் காசு கொடுத்துத் தயாரித்து, தொலைக்காட்சிகளுக்கு இலவசமாக அனுப்பும் செய்திப் படங்களில் 36ஐ எடுத்துக்கொண்டு, பத்து மாதங்கள் கண்காணித்தார்கள். 77 நிலையங்கள் பிடிபட்டன. அனுப்பிய படத்தையும் ஒளிபரப்பான படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார்கள். சில இடங்களில் உள்ளூர் நிருபர் அதே வாசகத்தைத் தன் குரலில் படித்திருந்தார். நிலையத்தின் சின்னம் மூலையில் ஏறியிருந்தது. செய்தி வாசிப்பவர் சொல்ல வேண்டிய முன்னுரைகூட உறையோடு வந்திருந்தது. யார் தயாரித்தார்கள் என்பது மட்டும் நேயர்களிடம் போய்ச் சேரவில்லை. இத்தனைக்கும் படத்தில் பெரும்பாலும் பொய் இருக்காது. கார் நிஜம், மாத்திரை நிஜம். ஆளைக் குறைத்துவிட்டுச் செய்தி நேரத்தை நீட்டிக்கொண்டிருந்த நிலையங்களுக்கு ஓசியில் வந்த தொகுப்பு கைகொடுத்தது, அவ்வளவுதான்.

2003இல் மையம் தொடங்கிய இணையக் களஞ்சியம் இன்று ‘சோர்ஸ்வாட்ச்’ என்ற பெயரில் இருக்கிறது. பொதுநலச் சங்கம் போலப் பெயர் வைத்துக்கொண்ட பினாமி அமைப்புகளின் பின்னால் யார் என்பதே அதில் பெரும்பகுதி. உணவகங்களில் புகைக்கும் உரிமைக்காக 1995இல் ரிச்சர்ட் பெர்மன் தொடங்கிய அமைப்புக்கு முதல் பணம் தந்தது பிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனம். பிற்பாடு நுகர்வோர் சுதந்திர மையம் என்று பெயர் மாறிய அதே அமைப்பு, ஸ்டாபரின் மையத்தையும் தாக்கி எழுதியது.

தாக்கியவர் யார் என்பதற்காகக் குறையே இல்லை என்றாகிவிடாது. மையத்தின் சாய்வு இடதுபக்கம், மறைக்கவும் இல்லை. 2009இல் லிசா கிரேவ்ஸ் பொறுப்பேற்ற பின் அது அரசியல் பணத்தின் பக்கம் திரும்பியது. 2011 ஜூலையில், நிறுவனப் பிரதிநிதிகளும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து உட்காரும் ‘அலெக்’ அமைப்பின் மாதிரிச் சட்ட வரைவுகள் 800க்கும் மேல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு, ஃப்ளோரிடாவில் ட்ரேவான் மார்ட்டின் என்ற கறுப்பின இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்டு, அலெக் பரப்பிய துப்பாக்கிச் சட்டம் பற்றிய கோபம் அதன் மேல் திரும்பியபோது, அந்த ஆவணங்கள் எதிர்ப்பாளர்கள் கையில் தயாராக இருந்தன. கோக கோலா, மெக்டொனால்ட்ஸ் வெளியேறின. பெரிய சாதனைதான். ஆனால் கட்சி அரசியலுக்குள் நுழைந்த பிறகு, மையம் வெளியிடுவதை எதிர்க்கட்சிக்காரர் படிக்காமலே தள்ளிவிட வசதியாகிவிட்டது. பழைய தொலைக்காட்சி அறிக்கையை அப்படித் தள்ள முடியவில்லை. இரண்டு படங்களும் கண்முன்னே இருந்தன.

அந்த அறிக்கைக்குக் கிடைத்த பலன்? ஒளிபரப்பு ஆணையம் 77 நிலையங்களுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியது. அறிக்கை வந்த பிறகும், மினியாபொலிஸ் நிலையமொன்று 2006 ஜூனில் கூரை மடக்கும் கார்கள் பற்றி ஒரு கோடைக்காலச் செய்தி போட்டிருந்தது. காட்டிய கார்கள் எல்லாம் ஜெனரல் மோட்டார்ஸ், படமும் அவர்கள் அனுப்பியது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, 2011இல், அதற்கு ஆணையம் போட்ட அபராதம் 4,000 டாலர்.