உவமையின் பெயரும் தந்தையின் இரக்கமும்

லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் இயலில் அமைந்த தந்தை–மகன் உவமை, 1714இல் தரங்கம்பாடியில் அச்சேறிய நற்செய்தி நூல்களின் வாயிலாகத் தமிழில் அச்சு வடிவம் பெற்றது. அன்று தொட்டு மறையுரைகளில் பெரிதும் எடுத்தாளப்பட்டு வரும் இவ்வுவமைக்குத் தமிழ்க் கிறித்தவர் இட்டு வழங்கும் பெயர்கள், அதன் பொருளை எவ்வாறு வரையறுக்கின்றன என்பது தனித்து நோக்கத்தக்கது.

சீர்திருத்தத் திருச்சபையார் இதனைக் ‘கெட்ட குமாரன்’ உவமை என்பர். கத்தோலிக்கர் ‘ஊதாரி மைந்தன்’ உவமை என்பர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘காணாமற்போன மகன்’ எனத் தலைப்பிடுகிறது. கிரேக்க மூலத்தில் தலைப்பு ஏதும் இல்லை. முதற்பெயர் மகனின் ஒழுக்கத்திற்குத் தீர்ப்பளிக்கிறது; இரண்டாவது அவன் பொருளழித்த செயலைச் சுட்டுகிறது. மூன்றாவது மட்டுமே அவனை இழந்து நிற்கும் ஒருவர் உண்டு என்பதை உணர்த்துகிறது. அதே இயலில் முன்வரும் ஆடு, காசு ஆகிய உவமைகளோடு இது கொள்ளும் இயைபும் இப்பெயராலேயே புலனாகும்.

இரக்கத்தின் தன்மையைக் கதையமைப்பே காட்டுகிறது. மகன் மூன்று கூறுகள் கொண்ட அறிக்கையொன்றைத் தனக்குள் அமைத்துக்கொண்டு புறப்படுகிறான்: பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியற்றவன், கூலியாளாக ஏற்றருள்க என்பன அவை. தந்தையோ அவன் வாய் திறக்குமுன்னரே ஓடிச் சென்று தழுவுகிறார். பின்னர் மகன் முதலிரு கூறுகளையே மொழிகிறான். கூலியாளாகும் வேண்டுகோள் சொல்லப்படாமலே நிற்கிறது. ஆடையும் மோதிரமும் மிதியடியும் அவனை மகனாகவே நிலைநிறுத்துகின்றன. ஆகவே மன்னிப்பு, அறிக்கைக்கு ஈடாகப் பெறும் கூலியன்று.

இவ்விடத்தில் வைணவ மரபின் ‘வாத்சல்யம்’ என்னும் கருத்து ஒப்புநோக்கத்தக்கது. கன்றின் மேலுள்ள அழுக்கை நக்கி நீக்கும் ஈன்ற பசுவின் அன்பே இதற்குரிய உவமை. அடியாரின் குற்றத்தையே இன்பமாகக் கொள்பவன் இறைவன் என்பது தென்கலையார் கொள்கை. குற்றத்தைக் காணாதிருப்பவன் என்பது வடகலையார் கொள்கை. லூக்காவின் தந்தை இவ்விரண்டிலும் முழுமையாக அடங்குவதில்லை. இறந்துபோயிருந்தான், காணாமற்போயிருந்தான் என்று அவர் வெளிப்படையாகவே கூறுகிறார். குற்றம் மறைக்கப்படவில்லை, ஆயினும் உறவை அது முறிக்கவில்லை. வைணவராகப் பிறந்து 1858இல் கிறித்தவம் தழுவிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை போன்ற கவிஞர்க்கு, பக்தி மரபின் சொல்வளம் கைகொடுத்ததன் காரணத்தை இத்தகைய அணுக்கம் ஒருவாறு விளக்கும்.

உவமையின் பிற்பகுதியே மேற்கண்ட பெயர்கள் அனைத்திற்கும் சோதனையாகும். மூத்தவன் வீட்டினுள் வர மறுக்கிறான். தம்பியைத் ‘தம்பி’ என்னாது தந்தையின் மகன் எனச் சுட்டுகிறான். தந்தையோ ‘உன் தம்பி’ எனத் திருத்துகிறார். முறைப்பெயர் வழியே உறவை உணர்த்தும் தமிழர்க்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும். வீட்டிலேயே இருந்தவனும் அடிமைக் கணக்குப் பார்த்து மகன்மையை இழந்தவனே. அவனை அழைக்கவும் தந்தையே வெளியே வருகிறார். அவன் உள்ளே சென்றானா என்பதைக் கதை கூறவில்லை.

எனவே இளையவனை மட்டும் சுட்டும் எப்பெயரும், கேட்போர் மூத்தவனிடத்தில் தம்மைக் காண இயலாதவாறு செய்துவிடுகிறது. இரு மக்களையும் நாடி இருமுறை வெளிவந்த தந்தையின் பெயரால் இவ்வுவமையை வழங்குவதே மூலத்தின் கருத்துக்குப் பொருந்துவதாகும்.